எஸ்எஸ்டியை இப்போது கழற்ற வேண்டாம்

பி-கேஷ் (எஸ்எஸ்டியை ஹார்டு டிஸ்குக்கு வேகமான கேஷாகப் பயன்படுத்தும் லினக்ஸ் கெர்னல் வசதி) ரைட்பேக் முறையில், அதாவது எழுதுவதை முதலில் எஸ்எஸ்டியில் வைத்துப் பிறகு டிஸ்குக்கு அனுப்பும் முறையில் ஓடுகிறது, எஸ்எஸ்டியில் வாசிப்புப் பிழை வருகிறது, கழற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பொறுங்கள். பிழை வந்த இடத்தில் சுத்தமான தரவு (டிஸ்கிலும் அதே பிரதி உள்ள 'கிளீன்' தரவு) இருந்தால் கவலையில்லை, கெர்னலே ஹார்டு டிஸ்கிலிருந்து மறுபடி வாசித்துக்கொள்ளும். ஆனால் டிஸ்குக்கு இன்னும் போய்ச் சேராத டர்ட்டி தரவுக்கு அந்த எஸ்எஸ்டியில் இருப்பதுதான் ஒரே பிரதி. அதற்குப் பதிலாக டிஸ்கிலுள்ள பழைய பிளாக்கைக் கொடுத்தால், பிழைச் செய்தியே இல்லாமல் கோப்பு கெட்டுப்போகும். அதைவிடப் பிழை வருவதே மேல்.

முதலில் முக்கியக் கோப்புகளை வேறு டிஸ்குக்கு நகலெடுங்கள். அப்புறம் கேஷ் மோடை ரைட்த்ரூவாக (எழுதுவது உடனே டிஸ்குக்கும் போகும் முறை) மாற்றி, ரைட்பேக் பெர்சன்டை (கேஷில் எவ்வளவு டர்ட்டி தரவை வைத்திருக்கலாம் என்ற அளவு) 0 ஆக்குங்கள். பி-கேஷின் ஸ்டேட் 'கிளீன்' என்று காட்டிய பிறகு எஸ்எஸ்டியை டிடாச் செய்யலாம், அதாவது கேஷிலிருந்து பிரிக்கலாம். 'டர்ட்டி'யிலேயே நின்றால், கேஷ் இல்லாமல் கட்டாயமாக ஓட்டிவிடாதீர்கள். டிடிரெஸ்க்யூவால் (பழுதான டிஸ்கிலிருந்து தரவை மீட்டுப் படியெடுக்கும் கருவி) எஸ்எஸ்டியைப் படியெடுத்துவிட்டு எனக்கு மறுபடி எழுதிக் கேளுங்கள், பார்க்கலாம்.