கானாவின் விடுதலை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது?

1957 மார்ச் 6 பிறந்த நள்ளிரவு. மேற்கு ஆப்பிரிக்காவில், அக்ராவின் போலோ மைதானத்தில் விடுதலைப் போராட்டத் தலைவர் குவாமே இன்க்ரூமா மேடையேறினார். தலையில் வெள்ளைக் குல்லாய், அதில் 'பி.ஜி.' என்ற எழுத்துகள். 'பிரிசன் கிராஜுவேட்', அதாவது சிறையில் படித்துத் தேறிய பட்டதாரி என்று அதற்குப் பொருள்! பிரிட்டிஷார் அடைத்த அதே சிறையில் இருந்தபடிதான் 1951 தேர்தலில் அவர் ஜெயித்தார். கோல்ட் கோஸ்ட் என்ற பிரிட்டிஷ் காலனி அன்று கானா ஆனது.

சரி, ஒரு நாட்டின் விடுதலை உலகக் கறுப்பின மக்களுக்கு எப்படிச் சொந்தமானது? அன்று விழாவுக்கு வந்தவர்களில் மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர். அமெரிக்காவில் நிறப் பாகுபாட்டை எதிர்த்து அவர் தலைமையில் நடந்த மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு வென்று சில மாதங்களே ஆகியிருந்தன. இன்க்ரூமாவின் ஆலோசகர் ஜார்ஜ் பேட்மோர் டிரினிடாட்காரர். கொடியின் நடுவே உள்ள கறுப்பு நட்சத்திரம், ஜமைக்காவைச் சேர்ந்த கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வி தொடங்கிய 'பிளாக் ஸ்டார் லைன்' (கறுப்பு நட்சத்திரம்) என்ற கப்பல் நிறுவனத்தை நினைவூட்டுவது.

எனக்கு மனதை விட்டு அகலாதது அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸின் கதை. 1945இல் மான்செஸ்டரில் நடந்த பான்-ஆப்பிரிக்க மாநாட்டில் இன்க்ரூமாவோடு நின்ற அந்தப் பெரியவருக்கு, 1957இல் விழாவுக்கு வர அமெரிக்க அரசு பாஸ்போர்ட் தரவில்லை. அப்புறம் 1961இல் கானாவிலேயே குடியேறினார். 1963 ஆகஸ்ட் 27 அன்று அக்ராவில் இறந்தார். மறுநாள், கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் அவர் மரணச் செய்தியை அறிவித்தார்கள்.