கருங்கல், வெட்டுக்கல், கடல் மணல்: குமரி மாவட்டப் பாறைகள் பற்றிய வாசகர் கேள்விகள்

கே: வீட்டு அஸ்திவாரத்துக்குக் கருங்கல் இறக்கினோம். "எல்லாம் கிரானைட், எரிமலைக் குழம்பு இறுகி வந்தது" என்றார் லாரிக்காரர். சரிதானா? (தக்கலை)

ப: வியாபாரத்தில் கருங்கல் எல்லாமே கிரானைட்தான். நிலவியலில் அப்படி இல்லை. நம் மாவட்டத்துக் கருங்கல்லில் பெரும்பகுதி உருமாறிய பாறை. புதிதாக உடைத்த முகத்தைப் பாருங்கள். வெள்ளையும் கறுப்பும் வரிவரியாக ஓடி, இடையிடையே கருஞ்சிவப்புப் புள்ளிகள் இருந்தால் அது கார்னெட் கலந்த நைஸ். வரிகள் மங்கி, கரும்பச்சை நிறத்தில் எண்ணெய்ப்பசையோடு மினுங்கினால் அது சார்னோக்கைட்.

இவை எரிமலையிலிருந்து வழிந்தவை அல்ல. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துண்டுகள் ஒன்றோடொன்று மோதி கோண்டுவானா என்ற பெருங்கண்டம் சேர்ந்தபோது, அதைவிடப் பல மடங்கு பழைய பாறைகள் சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்தில் சிக்கி 800 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறின. அங்கங்கே கொஞ்சம் உருகியதே தவிர, பெரும்பகுதி திடமாக இருந்தபடியே மாறியது. பழைய தாதுக்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து புதிய தாதுக்களாயின. முன்பு களிமண் படிவாக இருந்த பகுதிகளில் இருந்த இரும்பும் அலுமினியமும் கார்னெட்டாகச் சேர்ந்தது அப்போதுதான். இலங்கையிலும் மடகாஸ்கரிலும் இதே குடும்பத்துப் பாறைகள் கிடைக்கின்றன. அன்று அவை நமக்குப் பக்கத்து நிலங்கள்.

அவ்வளவு ஆழத்தில் இருந்த கல் இன்று உங்கள் வாசலில் கிடக்கிறது என்றால், அதன் மேல் இருந்த அத்தனை பாறையும் அரித்துப் போயிருக்கிறது என்று பொருள். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது பிரமிப்புதான்.

லாரிக்காரர் சொன்னதிலும் ஒரு துளி உண்மை உண்டு. சில கற்களில் வெள்ளை அல்லது வெளிர்சிவப்புப் பட்டை ஒன்று குறுக்கே ஓடும். பெரிய பெரிய குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மணிகள் அதில் தெரியும். அது உருகிய குழம்பு விரிசலுக்குள் புகுந்து ஆழத்திலேயே ஆறி இறுகிய பகுதி. அதுமட்டும் தீப்பாறை. குழம்பில் நீர் கலந்திருந்தது மணிகள் அவ்வளவு பெரிதாக வளர உதவியது.

அஸ்திவாரத்துக்கு இரண்டுமே நல்லவை. மஞ்சளித்து உதிரும் கல்லை மட்டும் கழித்துவிடுங்கள்.

கே: கடற்கரையில் ஒரு இடத்தில் மணல் சிவப்பாகவும் இன்னொரு இடத்தில் கறுப்பாகவும் இருப்பது ஏன்? குமரி அம்மன் கல்யாணம் நின்றபோது கொட்டிய அரிசியும் தானியமும்தான் அப்படி ஆனது என்று பாட்டி சொல்வார். (குளச்சல்)

ப: பாட்டியின் கதையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கரையில் பல நிற மணிகள் கிடப்பதை நம் முன்னோர் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

சிவப்பு மணி கார்னெட், மேலே சொன்ன அதே தாது. கறுப்பு, பெரும்பாலும் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த இல்மனைட் என்ற தாது. மலைப்பாறை வெயிலிலும் மழையிலும் சிதைந்து உதிர, ஆறுகள் மணலைக் கடலுக்குக் கொண்டுவருகின்றன. அங்கே அலை முறத்தில் புடைப்பதுபோல் பிரிக்கிறது. குவார்ட்ஸ் தண்ணீரைப் போல் 2.65 மடங்கு கனம், கார்னெட் சுமார் 4 மடங்கு, இல்மனைட் 4.7 அளவுக்கு. பருவமழைக் காலத்துப் பேரலை லேசான வெள்ளை மணலை இழுத்துப் போய்விடும், கனமானது கரையில் தங்கிவிடும்.

மணவாளக்குறிச்சி மணலில் சிர்கான், ரூட்டைல், மோனசைட் ஆகிய தாதுக்களும் உண்டு. இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுபிடித்தார். அதில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம் இருக்கிறது. பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளில் ஒளிரும் வலையான மேன்டிலுக்கு அன்று தோரியம் வேண்டியிருந்ததால், இந்தச் சின்ன ஊரின் மணல் உலகச் சந்தைக்குப் போனது.

கே: வெட்டுக்கல் மூன்று வகைப் பாறைகளில் எதில் சேரும்? (மார்த்தாண்டம்)

ப: தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை என்ற மூன்றில் எதிலும் ஒழுங்காகப் பொருந்தாது. செம்புரைக்கல் என்றும் சொல்லப்படும் இது, பாறை இருந்த இடத்திலேயே மக்கி மிஞ்சியது. கனமழையும் வெயிலும் மாறிமாறி வரும்போது சிலிக்காவும் சுண்ணாம்பும் கரைந்து வெளியேறும். இரும்பும் அலுமினியமும் தங்கிவிடும். வெட்டும்போது மெத்தென்று இருந்து, காற்றுப் பட்டதும் இறுகும். மலபாரில் இதைப் பார்த்து பிரிட்டிஷ் ஆய்வாளர் பிரான்சிஸ் புக்கானன் 1807-இல் எழுதியதிலிருந்துதான் லேட்டரைட் என்ற பெயர் வந்தது. மழை நிறைய கிடைக்கும் விளவங்கோடு, கல்குளம் பக்கம் இது தாராளம். மழை குறைந்த ஆரல்வாய்மொழிப் பக்கம் அப்படிப் பார்க்க முடியாது.

கே: படிவுப்பாறை நம் மாவட்டத்தில் உண்டா? பள்ளிக் கண்காட்சிக்கு வேண்டும். (நாகர்கோவில், ஒன்பதாம் வகுப்பு)

ப: உண்டு, தம்பி. கன்னியாகுமரி கடற்கரையோரம் சுண்ணாம்பு கலந்த மணற்கல் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் உள்ளே சிப்பி, நத்தை ஓட்டுத் துண்டுகள் தெரியும். ஓடுகளின் சுண்ணாம்பை மழைநீர் கரைத்து மணலுக்கிடையே படியவைக்க, அதுவே சிமென்ட் ஆகிவிட்டது. கருங்கல்லோடு ஒப்பிட்டால் இது நேற்றுப் பிறந்த பாறை. எலுமிச்சைச் சாறு விட்டுப் பார், நுரைக்கும். உடைத்து எடுக்காதே, உதிர்ந்து கிடக்கும் துண்டு போதும்.

கே: அப்படியானால் இன்றைய கடல் மணலும் ஒருநாள் கருங்கல் ஆகுமா? எத்தனை ஆண்டில்? (கருங்கல்)

ப: ஆகலாம், ஆனால் கால அட்டவணை கிடையாது. பாடநூலில் வட்டமாக அம்பு போட்டிருப்பதால் எல்லாப் பாறையும் வரிசையாக ஒரு சுற்று வரும் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் தீப்பாறை நேராக மணலாகலாம். உருமாறிய பாறை உருகாமலே மீண்டும் உருமாறலாம். மணல் கருங்கல்லாக வேண்டுமானால் முதலில் ஆழத்தில் புதைய வேண்டும். அதற்குக் கண்டங்கள் மோதுவது போன்ற பெரிய அசைவு வேண்டும். நம் கடலோரத்தில் இப்போது அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தமான் பக்கம் பூமியின் மேலோட்டுத் தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் நுழைகிறது. பாரன் தீவு எரிமலை அங்கே குமுறுவது அதனால்தான்.

ஒன்று மட்டும் இந்த மாற்றங்களில் எளிதில் அழிவதில்லை: சிர்கான். பாறை சிதைந்தாலும், புதைந்து வெந்தாலும் அது பெரும்பாலும் தப்பிவிடும். அதற்குள் இருக்கும் யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும் அளவை வைத்து வயதைக் கணிக்கிறார்கள். நாகர்கோவில் வட்டாரத்தில் பின்னால் சார்னோக்கைட்டாக உருமாறிய மூலப்பாறை முதன்முதலில் குழம்பிலிருந்து இறுகியது சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பது இப்படித்தான் தெரியவந்தது.