ஃபிளாட் ஃபைலா, ரிலேஷனலா? கேட்டவையும் பதில்களும்

ஃபிளாட் ஃபைல் என்கிறார்களே, அதில் எது தட்டை?

வரிக்கு ஒரு பதிவு, உள்ளே அடுக்கு கிடையாது, அவ்வளவுதான். லினக்ஸ் வைத்திருந்தால் பயனர் கணக்குகள் இருக்கும் பாஸ்வேர்டு ஃபைலைத் திறந்து பாருங்கள். ஆளுக்கு ஒரு வரி, முக்காற்புள்ளியால் பிரித்த 7 ஃபீல்டுகள். நான்காவதில் குழுவின் எண் மட்டும் இருக்கும். குழுவின் பெயர் வேறொரு ஃபைலில். கையால் அங்கே 9999 என்று மாற்றி சேமித்தாலும் ஃபைல் வாயே திறக்காது. தகவலை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸில் ஃபாரின் கீ (இந்த எண் குழு டேபிளில் இருந்தே ஆக வேண்டும் என்ற விதி) போட்டிருந்தால், இல்லாத குழுவை ஏற்க மாட்டேன் என்று அங்கேயே மறுத்துவிடும்.

சார், டேபிள்களுக்குள் உறவு இருப்பதால்தான் ரிலேஷனல் என்று வகுப்பில் சொன்னார்கள். சரிதானே?

இல்லை. ஆனால் பத்து வருடம் இதே வேலையில் இருப்பவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள்! 1970இல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் எழுதிய கட்டுரையில் வந்த சொல் இது. அவர் கணிதம் படித்தவர். பத்தாம் வகுப்புக் கணக்கில் 'உறவுகளும் சார்புகளும்' என்று ஒரு பாடம் வருமே, அந்த உறவைத்தான் சொன்னார். ஒரு டேபிளே ஒரு ரிலேஷன். டேட்டாபேஸில் ஒரே ஒரு டேபிள் இருந்தாலும் அது ரிலேஷனல்தான்.

ரெக்கார்டு, ரோ, டியூபிள் மூன்றும் ஒன்றா அண்ணா?

பேச்சு வழக்கில் ஒன்றுதான், பிறந்த வீடுதான் வேறு. ரெக்கார்டும் ஃபீல்டும் ஃபைல் காலத்துச் சொற்கள். ரோவும் காலமும் (column) டேட்டாபேஸிடம் கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் புழங்குபவை. டியூபிள், அட்ரிபியூட் கணிதத்திலிருந்து வந்தவை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஃபைலில் பத்தாவது ரெக்கார்டு என்று ஒன்று உண்டு. ரிலேஷன் கணிதத்தில் சொல்லும் ஒரு கணம் (set), அதில் பத்தாவது என்று எதுவும் இல்லை. அதனால்தான் ஆர்டர் பை (வரிசைப்படுத்து என்ற கட்டளை) போடாத குவெரி நேற்று ஒரு வரிசையிலும் இன்று வேறு வரிசையிலும் தரலாம். அது பக் இல்லை.

எஸ்க்யூலைட் என்ற ரிலேஷனல் டேட்டாபேஸ் ஒரே ஃபைல்தானே, அப்போது அது ஃபிளாட்டா?

நோட்பேடில் திறந்து பாருங்கள். முதலில் அதன் பெயர் தெரியும், அப்புறம் பெரும்பாலும் கிறுக்கல். உள்ளே பக்கம் பக்கமாக பி-ட்ரீ, அதாவது தேட வசதியாகக் கிளை கிளையாக அடுக்கிய அமைப்பு. டிஸ்கில் எத்தனை ஃபைல் என்பதற்கும் ஃபிளாட் என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

கடைக் கணக்குக்கு எக்செல் போதாதா?

போதும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவில் மட்டும் வைக்காதீர்கள். ஷீட்டுக்கு 65,536 வரிதான். 2020இல் இங்கிலாந்தில் இந்த வரம்பில் முட்டி, 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் ஏறாமல் போயின.