வாசகர் கேள்வி – பதில்: "சர்வதேசச் சான்றிதழ் பெற்ற" மென்பொருள்

கேள்வி: திருகோணமலை நகரில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். களஞ்சிய இருப்பு, கொள்வனவு, சம்பளப் பட்டியல் ஆகியவற்றைத் மூல நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளுக்கு மாற்றலாம் என்று பணிப்பாளர் சபைக்கு எழுதியபோது, "இனாமாகக் கிடைப்பதற்கு யார் உத்தரவாதம்?" என்று கேட்டார்கள். அதை நிறுவித்தர முன்வந்தவரோ "சர்வதேசச் சான்றிதழ் பெற்றது" என்று ஒரே வரியில் எழுதித் தந்திருக்கிறார். அந்தக் கடிதத்தைச் சபையில் காட்டலாமா?
— வாசகர், உவர்மலை

பதில்: கடிதத்தைக் காட்டாதீர்கள், சான்றிதழின் பிரதியைக் கேட்டு வாங்கிக் காட்டுங்கள். குறிப்பிட்ட ஒரு பதிப்பு, குறிப்பிட்ட ஓர் அமைப்பில், குறிப்பிட்ட ஒரு நியமத்தின்படி சோதிக்கப்பட்டது என்பதற்கு மேல் எந்தச் சான்றிதழும் எதையும் சொல்வதில்லை. 2003 இல் சூசே லினக்ஸ் என்டர்பிரைஸ் சேர்வர் என்ற திறந்த மூல இயங்குதளம், ஐபிஎம்மின் ஆதரவோடு 'கொமன் கிரைட்டீரியா' என்ற பாதுகாப்பு மதிப்பீட்டில் தேறியபோது, அந்தத் தகுதி எட்டாம் பதிப்புக்கு, அதுவும் ஐபிஎம் சேர்வர்களில் ஓடும்போதுதான் உரியதாக இருந்தது. ஜாவா மொழியில் எழுதிய மென்பொருட்களை இயக்கும் ஜேபொஸ் என்ற திறந்த மூல சேர்வரைப் பல நிறுவனங்கள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தன. ஆயினும் ஜாவாவை உருவாக்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸின் சோதனைத் தொகுதிக்கு உரிமம் பெற்று, 2004 இல் 4.0 பதிப்பு தேறிய பிறகே "ஜே2ஈஈ 1.4" என்ற ஜாவா நியமத்தின் சான்றிதழ் பெற்றது என்று அது சொல்லிக்கொள்ள முடிந்தது.

இவற்றையெல்லாம் விட விசித்திரமானது ஓப்பன்எஸ்எஸ்எல் விவகாரம். இணையத்தில் செல்லும் தரவை மறைகுறியாக்கும் இந்த மென்பொருளின் ஒரு பகுதி, அமெரிக்க அரசின் எஃப்ஐபிஎஸ் 140-2 நியமத்தின்படி சான்றிதழ் பெற்றது. அந்த மூல நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றாமல், சொல்லப்பட்ட கட்டளைகளை மட்டும் கொண்டு அதை இயங்கும் மென்பொருளாகத் தொகுக்க வேண்டும் என்பது நிபந்தனை, அந்தப் பகுதியின் 2.0 பதிப்பு வந்தபோது, நிரல் அடங்கிய குறுவட்டைத் தபாலில் வரவழைக்க வேண்டியும் இருந்தது. வழுவொன்றைக் கண்டு நீங்களே திருத்தினால், திருத்திய பிரதிக்குச் சான்றிதழ் செல்லாது. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரும் ஓட்டை அம்பலமானபோது, அது சான்றிதழ் பெற்ற பகுதிக்கு வெளியே இருந்தது. ஆகவே சான்றிதழ் செல்லுபடியாக இருக்கும்போதே தகவல் கசியக்கூடிய நிலை இருந்தது.

சபை கேட்ட உத்தரவாதம் வேறு விடயம். திறந்த மூல உரிமங்கள் பெரும்பாலும் உத்தரவாதம் எதுவுமில்லை என்று வெளிப்படையாகவே எழுதுகின்றன. (பணம் கொடுத்து வாங்கும் மென்பொருளின் உரிமத்திலும் தயாரிப்பாளரின் பொறுப்பு இறுக மட்டுப்படுத்தப்பட்டே இருக்கும், அந்தப் பக்கத்தைப் பணிப்பாளர்கள் வாசிப்பது அரிது.) அந்தக் குறையைப் பராமரிப்பு ஒப்பந்தத்தால் தீர்த்துவைப்பதே லினக்ஸ் இயங்குதளத்தை விநியோகிக்கும் ரெட் ஹட் நிறுவனத்தின் வியாபாரம், 2019 இல் ஐபிஎம் அதனை ஏறத்தாழ 3,400 கோடி டொலருக்கு வாங்கியது. நிறுவனங்களுக்கான கணக்கு மென்பொருள் தயாரிக்கும் எஸ்ஏபியின் ஹானா தரவுத்தளம் லினக்ஸில் மட்டுமே ஓடுகிறது. பல பெருநிறுவனங்கள் அந்தத் தரவுத்தளத்தில் தங்கள் கணக்குகளை வைத்திருக்கின்றன. ஆகவே சம்பள நாளுக்கு முதல் நாள் சேர்வர் நின்றுபோனால் தொலைபேசியை எடுப்பவர் யார், அவர் திருகோணமலையில் இருக்கிறாரா அல்லது கொழும்பிலிருந்து வரவேண்டுமா, எத்தனை மணித்தியாலத்துக்குள் சரிசெய்வார் என்பவற்றை எழுத்தில் பெற்று, சான்றிதழின் பிரதியோடு சேர்த்துச் சபையில் வையுங்கள்.

கேள்வி: இலங்கையில் உருவான திறந்த மூல மென்பொருளைப் பெரிய நிறுவனங்கள் ஏற்றுக்கொண்டதுண்டா?
— வாசகி, மூதூர்

பதில்: உண்டு. 2005 இல் தொடங்கப்பட்டு கொழும்பில் வேரூன்றிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனம், தன் மென்பொருளை அப்பாச்சி என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டு, ஈபே போன்ற நிறுவனங்களை வாடிக்கையாளராகப் பெற்றது; 2024 இல் ஈக்யூடி என்ற முதலீட்டு நிறுவனம் அதனை வாங்கியது. நம் கடற்கரையையும் விட்டுவைக்காத 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர், காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்ய இலங்கைத் தொண்டர்கள் எழுதிய 'சஹானா', பின்னர் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. அந்த வாரங்களில் அதற்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டிருக்க எவருக்கும் அவகாசம் இருந்திருக்காது.

கேள்வி: ரெட் ஹட்டுக்குக் கட்டணம் கட்டாமல், அதே நிரலிலிருந்து உருவாகும் இலவசப் பதிப்பைப் பயன்படுத்தினால் என்ன?
— வாசகர், நிலாவெளி

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் மூலப் பதிப்பின் சான்றிதழ் அதற்குத் தானாக வந்துவிடாது, கணக்காய்வாளரிடம் அப்படிச் சொல்லிவிடாதீர்கள். ஆதரவுக் காலத்தையும் கவனியுங்கள். அத்தகைய இலவசப் பதிப்பான சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8 ஐ 2029 வரை நம்பியிருந்தவர்களுக்கு, 2021 டிசம்பர் 31 உடன் அது நிறுத்தப்படும் என்று 2020 டிசம்பரில்தான் அறிவித்தார்கள். அதன் இடத்தை நிரப்ப வந்த அல்மாலினக்ஸ், ரொக்கி லினக்ஸ் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்வதானால், உங்கள் கணக்கியல் மென்பொருளைத் தந்தவர் அதன் மேல் ஓடும்போதும் ஆதரவு தருவாரா என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.