வாசகர் கேள்வி – பதில்: வீடு கிளினிக் ஆகும்போது

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் அம்மா பெயரில் இருக்கும் பழைய வீட்டைக் கிளினிக்காக மாற்றப் போகிறோம். மகள் டாக்டர் படிப்பை முடித்துவிட்டாள். வெளிச்சுவரைத் தொடாமல் உள்ளே மட்டும் தடுப்பு போடுவதால் பிளான் தேவையில்லை என்கிறார் மேஸ்திரி. அது சரியா? (சாட்ஸ்வர்த் வாசகி)

பதில்: சரியில்லை அம்மா. 1977-ஆம் ஆண்டின் 103-ஆம் எண் கட்டட விதிச் சட்டத்தில் 'கட்டுதல்' என்ற சொல்லுக்குள் மாற்றியமைப்பதும், ஒரு பயன்பாட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் அடக்கம். கட்டடங்களைப் பயன்பாட்டைப் பார்த்து வகை பிரித்திருக்கிறார்கள்: குடியிருப்பு வீடு எச்4 வகை. டாக்டர் உட்கார்ந்து பார்க்கும் அறைகள் ஜி1 வகை. அலுவலகம், பேங்க் எல்லாம் சேர்ந்த அதே வகைதான். ஒரு செங்கல்லும் நகராவிட்டாலும் வகை மாறினால் ஈதெக்வினி (டர்பன்) நகராட்சியின் அனுமதி வேண்டும்.

ஆனால் பிளான் வரையக் கொடுப்பதற்கு முன்னால் மூன்று காகிதங்களைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலாவது, மனையின் ஜோனிங் சான்றிதழ், அதாவது அந்த மனையை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் காகிதம். குடியிருப்பு ஜோனில் டாக்டர் அறை நேரடியாக அனுமதிக்கப்பட்டதா, சிறப்பு ஒப்புதல் வேண்டுமா, எத்தனை கார் நிறுத்த இடம் கேட்பார்கள் என்பதெல்லாம் அதிலிருந்துதான் புறப்படும். சிறப்பு ஒப்புதல் என்றால் அறிவிப்பு கொடுத்து, அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் சொல்ல அவகாசம் விட வேண்டும். எனவே விண்ணப்பம் போடும் முன்பே பக்கத்து வீட்டாரிடம் போய்ப் பேசிவிடுங்கள். அவர்கள் பயப்படுவது பெரும்பாலும் நோயாளிகளைப் பார்த்து இல்லை, வாசலை மறித்து நிற்கும் கார்களைப் பார்த்துத்தான்.

இரண்டாவது, டைட்டில் டீட், அதாவது சொத்துப் பத்திரம். 'குடியிருப்புக்கு மட்டும்' என்று ஒரு நிபந்தனை அதில் இருந்தால், ஜோனிங் இடம் கொடுத்தாலும் அது குறுக்கே நிற்கும். அதை நீக்க 2013-ஆம் ஆண்டின் நிலப்பயன்பாட்டுச் சட்டப்படி தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, நகராட்சிக் கோப்பில் இருக்கும் பழைய அங்கீகரித்த பிளானின் நகல். பின்னால் சேர்த்த அறை, மூடிய வராந்தா, கராஜை ஒட்டிய சமையலறை என்று நம் வீடுகளில் பிளானில் ஏறாதவை நிறைய உண்டு. புதுப் பிளானோடு அவற்றையும் வரைந்து ஒப்புதல் வாங்கியாக வேண்டும். மறைத்து வரைந்தால் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் எல்லாம் நின்றுவிடும்.

உங்கள் ஊருக்கென்றே ஒன்று இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. சாட்ஸ்வர்த்தில் கார்ப்பரேஷன் வீடுகள் 1960-களில் எழுந்தவை. குவாசூலு-நட்டாலில் 60 வயது தாண்டிய எந்தக் கட்டடத்தையும் மாற்றவோ இடிக்கவோ மாகாண மரபு நிறுவனமான அமாஃபாவின் எழுத்து அனுமதி வேண்டும். அழகான பழைய மாளிகைக்கு மட்டும்தான் அது என்று நினைக்காதீர்கள். சாதாரணக் கவுன்சில் வீட்டுக்கும் வயது ஒன்றுதான் கணக்கு. வருடம் தெரியாவிட்டால் பழைய பிளானில் இருக்கும் தேதியைப் பாருங்கள்.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் மேஸ்திரி ஆளை ஏற்றிக் கழற்றச் சொல்லாதீர்கள். 2020 ஆஸ்பெஸ்டாஸ் விதிகளின்படி பதிவு பெற்ற கான்ட்ராக்டர்தான் அதைச் செய்யலாம். டிரில் போடுவதிலும் உடைப்பதிலும் பறக்கும் நார்தான் நுரையீரலைக் கெடுக்கிறது.

கேள்வி: பீனிக்ஸில் கடை இடம் ஒன்றை எடுத்திருக்கிறோம். டாக்டர் அறைகளோடு ஐந்தாறு டிரிப் நாற்காலிகளும், சின்ன ஆபரேஷனுக்கு ஓர் அறையும் வைக்க ஆசை. இதுவும் ஜி1 தானா? (பீனிக்ஸ் வாசகர்)

பதில்: நோயாளி தன் காலால் எழுந்து வெளியே போக முடியுமா என்பதே இங்கே முதல் கேள்வி. தீ விபத்தில் அவரைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்றால் கட்டடம் ஆஸ்பத்திரி வகையான இ2 பக்கம் சாய்ந்துவிடும். அப்போது வெளியேறும் வழி, கதவகலம், தீத்தடுப்புச் சுவர் எல்லாமே கடுமையாகும். டிரிப் நாற்காலிகளில் உட்கார்ந்து, முடிந்ததும் நடந்து போகிறவர்கள் என்றால் பெரும்பாலும் ஜி1-லேயே நிற்கலாம். ஆனாலும் வரைவதற்கு முன்பே தீயணைப்புப் பிரிவு அதிகாரியைப் பார்த்து, அவர் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள்.

மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் ஆபரேஷன் அறை என்றால் நகராட்சியோடு முடியாது. தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் தனி ஆபரேஷன் கூடங்களுக்குமான 1980-ஆம் ஆண்டின் ஆர்158 விதி வந்துவிடும். மாகாண சுகாதாரத் துறையின் லைசென்ஸ் இல்லாமல் அதைக் கட்டவே தொடங்கக் கூடாது. எங்கள் யோசனை: முதல் கட்டத்தில் அந்த அறையை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பிளான் போட்டோம், திரும்பி வந்துவிட்டது. சாய்தளம், ஜன்னல், கழிவறை மூன்றிலும் குறை எழுதியிருக்கிறார்கள். (டொங்காட் வாசகர்)

பதில்: திரும்பி வரும் கிளினிக் பிளான்களில் அதிகம் மாட்டுவது இந்த மூன்றும்தான்.

சக்கர நாற்காலிச் சாய்தளம் 12-க்கு 1 என்பதைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது. அகலம் குறைந்தது 1100 மில்லிமீட்டர், மேலும் கீழும் 1200 மில்லிமீட்டர் சமதளம். தரை 450 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் வீட்டுக்குச் சாய்வு மட்டும் 5.4 மீட்டர், சமதளங்களோடு 7.8 மீட்டர். முன்வாசலில் அந்த நீளம் கிடைக்காததால்தான் பலர் செங்குத்தாக வரைந்துவிடுகிறார்கள். வீட்டின் பக்கவாட்டில் ஓட்டிப் பாருங்கள், அல்லது நடுவில் ஒரு சமதளம் வைத்து மடக்குங்கள். மடக்கும் இடத்தில் நாற்காலி திரும்ப 1500 மில்லிமீட்டர் விட்டால் நல்லது. அந்த வாசலுக்கு 50 மீட்டருக்குள் 3.5 மீட்டர் அகலமான கார் இடம் ஒன்றையும் காட்டுங்கள்.

கதவு திறந்தபின் கிடைக்கும் இடைவெளி 750 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கடையில் கிடைக்கும் 813 கதவு, நிலையும் கதவின் தடிப்பும் போக, அந்த எல்லையை உரசிக்கொண்டு நிற்கும். கைப்பிடி இடித்தால் தோற்றுவிடும். நோயாளி நுழையும் கதவுகள் எல்லாவற்றுக்கும் 900 போடச் சொல்லுங்கள். வாசற்படி உயர்வு 15 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

ஜன்னல் குறை எப்படி வருகிறது தெரியுமா? பெரிய படுக்கையறையை இரண்டாகத் தடுக்கும்போது ஜன்னல் ஒரு பக்கம் போய்விடுகிறது, மற்ற அறை குருடாகிவிடுகிறது. அறைத் தரைப்பரப்பில் 10 விழுக்காடு வெளிச்சத்துக்கும், 5 விழுக்காடு திறக்கும் காற்று வழிக்கும் வேண்டும். 12 சதுர மீட்டர் அறைக்கு 1.2 சதுர மீட்டர் ஜன்னல், அதில் 0.6 திறக்க வேண்டும். உள் அறையை ஸ்டோராக்குங்கள், இல்லையென்றால் இயந்திரக் காற்றோட்டத்தைக் கணக்கோடு வரைந்து காட்டுங்கள். காசநோய் உள்ள நாட்டில் காத்திருப்பு அறைக்கு மட்டும் குறுக்குக் காற்று வருமாறு இரு எதிர்ப்பக்க ஜன்னல் வைத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கருத்து. விதி கேட்கிறதோ இல்லையோ, வையுங்கள்.

கழிவறை எண்ணிக்கை ஆட்கணக்கைப் பொறுத்தது. ஜி1-க்கு 15 சதுர மீட்டருக்கு ஓர் ஆள் என்றால் 120 சதுர மீட்டருக்கு 8 பேர். ஆனால் பிளானில் நீங்களே 20 நாற்காலி வரைந்திருந்தால் அதிகாரி எதை நம்புவார்? உட்காரப் போகிறவர்களை உள்ளபடி எண்ணிக் கழிவறை வையுங்கள். அதில் ஒன்று சக்கர நாற்காலிக்கானது.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறோம்: தடுப்புச்சுவரைச் சீலிங்கோடு நிறுத்தாமல் கூரையின் அடிவரை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் நோயாளி டாக்டரிடம் சொல்வது காத்திருப்பவர்கள் காதில் விழும். ஊசிக் கழிவும் ரத்தக் கழிவும் வைக்கப் பூட்டுள்ள சிறு அறையை, வெளியிலிருந்தே எடுத்துப் போகும்படி, பிளானிலேயே காட்டிவிடுங்கள்.

வண்ணமும் முக்கியம்: புதுச் செங்கல் சிவப்பு, கான்கிரீட் பச்சை, இரும்பு நீலம், மரம் மஞ்சள், பழையது சாம்பல், இடிப்பது கறுப்புப் புள்ளிக்கோடு. வரைபவர் கட்டடக்கலைஞர்களுக்கான கவுன்சிலான சாகாப்பில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும்.

மறுக்கப்பட்டதால் கட்டணம் போயிற்று என்று வருந்தாதீர்கள். மறுத்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள், குறை சொன்ன இடத்தைத் திருத்திக் கொடுத்தால் மறுபடி கட்டணம் இல்லை.

கேள்வி: எத்தனை நாளில் பதில் வரும்? அதுவரை வேலையைத் தொடங்கலாமா? (வெருலம் வாசகி)

பதில்: 500 சதுர மீட்டருக்குக் குறைவென்றால் 30 நாள், அதற்கு மேல் 60 நாள். இந்த நாட்கணக்கு விண்ணப்பம் முழுமையாக இருந்தால்தான் ஓடும். அமாஃபா கடிதமோ சிறப்பு ஒப்புதலோ இல்லாத கோப்புக்கு அது தொடங்குவதே இல்லை. அவசரமென்றால் கட்டட விதிச் சட்டத்தின் 7(6) பிரிவின்படி தற்காலிக அனுமதி கேட்கலாம். எழுத்தில் வந்தபிறகே தொடங்குங்கள். ஒப்புதல் வந்து 12 மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதி.

புதைக்கும் கழிவுக் குழாயையும் அஸ்திவாரப் பள்ளத்தையும் மூடுவதற்கு 2 வேலைநாள் முன்னதாக இன்ஸ்பெக்டருக்குத் தகவல் கொடுங்கள். கைகழுவும் தொட்டி ஒவ்வொரு அறையிலும் வருவதால் புதுக் குழாய் நிறைய ஓடும். பார்க்காமல் மூடியதை மறுபடி தோண்டச் சொல்வார்கள்.

கேள்வி: வேலை முடிந்தது, பெயர்ப்பலகையும் மாட்டியாயிற்று. நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கலாம்தானே? (பீட்டர்மரிட்ஸ்பர்க் வாசகர்)

பதில்: குடிபுகும் சான்றிதழ் கையில் வரும்வரை கூடாது. அது இல்லாமல் பயன்படுத்துவது கட்டட விதிச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி குற்றம். கேட்டதிலிருந்து 14 நாளில் நகராட்சி பதில் தர வேண்டும்; அதோடு மின்சார இணக்கச் சான்றிதழ், எஞ்சினியரின் முடிவுச் சான்று, தீயணைப்புப் பிரிவின் ஒப்புதல் வேண்டும். தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்க இன்வெர்ட்டர் வைத்தீர்களானால் அதுவும் அந்த மின்சாரச் சான்றிதழில் ஏறியிருக்க வேண்டும். பிறகு மாட்டியது என்று சொன்னால் சான்று செல்லாது.

டாக்டர் தாமே மருந்து கொடுப்பதானால் மருந்துச் சட்டத்தின் 22சி பிரிவு லைசென்ஸ், எக்ஸ்ரே வைத்தால் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவின் உரிமம், மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில்) பணம் கேட்க பிராக்டிஸ் எண். இந்த மூன்றுக்கும் நகராட்சிக்காகக் காத்திருக்காமல் கட்டட வேலை நடக்கும்போதே விண்ணப்பியுங்கள்.