வரி கட்டியும் தண்ணீர் லாரிக்குக் காசா?

தம்பி, போன வாரம் நீங்கள் கேட்டது இதுதான்: "அக்கா, மலேசியாவில் ஈப்போவிலிருந்து சென்னைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. சம்பளத்தில் வரி, ஹோட்டல் பில்லில் வரி, பெட்ரோலில் வரி. ஆனால் பெருங்குடியில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு லாரித் தண்ணீர், பிள்ளைக்குத் தனியார் பள்ளி. கட்டுகிற வரியெல்லாம் எங்கே போகிறது?"

நானும் மலேசியாவில் கிள்ளானிலிருந்துதான் கல்யாணமாகி அயனாவரத்துக்கு வந்து 19 வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க இதே கேள்வியை மாமனாரிடம் கேட்டு அவரைப் படுத்தியிருக்கிறேன். அவர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். "கவர்மெண்ட்னு ஒண்ணு இல்லம்மா, மூணு இருக்கு. எதுகிட்ட எதைக் கேக்கணும்னு முதல்ல தெரிஞ்சுக்கோ" என்பார். டெல்லியில் மத்திய அரசு ஒன்று, கோட்டையில் மாநில அரசு ஒன்று, ரிப்பன் மாளிகையில் மாநகராட்சி ஒன்று.

உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் வருமான வரி டெல்லிக்குப் போகிறது. மாநிலங்களுக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் 15வது நிதிக்குழுவின் 2021 முதல் 2026 வரைக்கான கணக்குப்படி, செஸ், சர்சார்ஜ் என்ற கூடுதல் வரிகள் போக மீதியில் 100க்கு 41 ரூபாய் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அந்த 41 ரூபாயில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 4.08 சதவீதம். அதாவது ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. மக்கள்தொகை, வருமானத்தில் பின்தங்கிய நிலை இதையெல்லாம் பார்த்துப் பிரிப்பதால் ஏழை மாநிலங்களுக்குக் கூடுதலாகப் போகிறது. இதில் தமிழ்நாட்டுக்கு நெடுநாள் மனக்குறை உண்டு. நியாயமான குறை என்றே எனக்கும் படுகிறது.

அடுத்த முறை ஹோட்டலுக்குப் போனால் பில்லைக் கீழே போடாமல் பாருங்கள். சாப்பாடு 420 ரூபாய் என்றால் ஜி.எஸ்.டி. என்ற சரக்கு, சேவை வரி 21 ரூபாய், அது இரண்டாகப் பிரித்துப் போட்டிருக்கும். 10.50 மத்திய அரசுக்கு, 10.50 மாநிலத்துக்கு. 2017 ஜூலையிலிருந்து இப்படித்தான். பெட்ரோல், டீசல், மது மாதிரி சில பொருள்கள் மட்டும் இந்த ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. பெட்ரோலில் டெல்லி கலால் வரி எடுக்கும், அதற்கு மேல் மாநிலம் வாட் என்ற விற்பனை வரி எடுக்கும். நம் மலேசியாவில் ரோன் 95 பெட்ரோல் பல வருடம் லிட்டர் 2 வெள்ளி (ரிங்கிட்) 5 சென்னிலேயே நின்றது, மீதியை அரசாங்கம் போட்டது. அங்கே பெட்ரோலுக்கு அரசாங்கம் காசு போட்டது, இங்கே பெட்ரோலிலிருந்து அரசாங்கம் காசு எடுக்கிறது. வந்த புதிதில் பங்க்கில் நாம் திகைத்து நிற்பது அதனால்தான். அப்புறம் சம்பளச் சீட்டில் அரையாண்டுக்கு ஒரு முறை தொழில் வரி என்று பிடித்திருப்பார்களே, வருடத்துக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது, அது மாநகராட்சிக்கு.

சரி, எங்கே போகிறது? மாநிலத்தின் பணத்தில் பெரும்பகுதி சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி, மானியம் என்று போய்விடும். பஸ் டிக்கெட் மாதிரி, கொடுத்த காசுக்கு எனக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் இந்தக் கணக்கு புரியவே புரியாது. எங்கள் வீட்டில் உதவிக்கு வரும் அம்மா காலை ஆறரைக்கு வியாசர்பாடியில் முன்பக்கம் பிங்க் அடித்த பஸ்ஸில் ஏறுகிறார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. அந்தக் காசைப் போக்குவரத்துக் கழகத்துக்கு மாநில அரசு கொடுக்கிறது. அவருடைய மகள் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. காலை உணவு அங்கேயே. புதன்கிழமை பொங்கல் என்று அந்தக் குழந்தை என்னிடம் விரல் விட்டு எண்ணிச் சொல்லும். வீட்டில் ரேஷன் அரிசி. முன்பெல்லாம் மாதத்தில் பாதி நாள் பஸ் காசு இல்லாமல் நடந்தே வருவார். மழை நாளில் முழங்கால் வரை நனைந்து வாசலில் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அவர் வரி கட்டவில்லை, நாம்தான் கட்டுகிறோம் என்று மட்டும் தயவுசெய்து நினைக்காதீர்கள். உங்கள் ஆபீஸில் அப்படிப் பேசுவார்கள். அவர் வாங்கும் சோப்பிலும் பற்பசையிலும் 2025 செப்டம்பர் வரை 18 சதவீதம் வரி இருந்தது, இப்போது 5. நீங்களும் அதே சோப்புக்கு அதே வரிதான் கட்டுகிறீர்கள். ஆனால் அவர் வருமானத்தில் அது எவ்வளவு பெரிய துண்டு என்று யோசித்துப் பாருங்கள்.

அரசு வியாபாரமும் செய்யும், தனியாரும் செய்யும். இதைத்தான் கலப்புப் பொருளாதாரம் என்கிறார்கள். தெருமுனைக் கடை ஃப்ரிட்ஜைத் திறந்தால் அரசு சார்ந்த கூட்டுறவான ஆவின் பால் பாக்கெட்டும் தனியார் பாக்கெட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஆவின் இருப்பதால்தான் தனியார் பால் விலையை இஷ்டத்துக்கு ஏற்ற முடிவதில்லை என்பது என் எண்ணம்.

இனி உங்கள் தண்ணீர். பெருங்குடிப் பக்கமெல்லாம் 2011ல்தான் மாநகராட்சிக்குள் வந்தது. குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அங்கே இன்னும் முழுதாகச் சேரவில்லை. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது நிலையம் 2024ல் திறந்தார்கள், தென்சென்னைப் பகுதிகளுக்காகத்தான். குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர் என்கிற சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால் மாநகராட்சி பொறுப்பு, அதற்கு 1913க்கு அழைக்க வேண்டும். இது தெரியாமல் எங்கள் தெருவில் கழிவுநீர் வழிந்தபோது சம்பந்தமில்லாத ஓர் அலுவலகத்தில் மூன்று வாரம் மனு கொடுத்துக்கொண்டிருந்தேன். வாங்கி வைத்தார்களே தவிர, இது எங்கள் வேலை இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

உங்கள் அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டம் எப்போது என்று கேளுங்கள். மெட்ரோ வாட்டர் இணைப்புக்கு விண்ணப்பித்தார்களா, உங்கள் தெருவில் குழாய் எது வரை வந்திருக்கிறது, இந்த இரண்டையும் கூட்டத்தில் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர் எப்படிக் கேட்பது என்று தயங்க வேண்டாம். லாரிக்குக் காசு கொடுப்பவர் நீங்கள்தானே.