ஆப்பிளின் லேப்டாப், டேப்லெட்களில் இத்தனை திரை அளவுகள் எதற்கு?

சுருக்கமாகச் சொன்னால், பெரிய திரையை ஆப்பிள் ரொம்ப நாள் விலை உயர்ந்த மாடல்களோடு கட்டிப்போட்டிருந்தது. பெரிய மேக்புக் வேண்டுமா? தேவையோ இல்லையோ, விலை உயர்ந்த 16 அங்குல ப்ரோவைத்தான் வாங்க வேண்டியிருந்தது. 2023-இல் விலை குறைந்த வரிசையான மேக்புக் ஏர் 15 அங்குலத்தில் வந்த பிறகுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. ஐபேடிலும் இதே கதை: 2024-இல் ஏர் 13 அங்குலத்தில் வரும்வரை பெரிய திரை ப்ரோவுக்கு மட்டும்.

அங்குலக் கணக்கு கொஞ்சம் ஏமாற்றும். அது மூலைக்கு மூலை அளப்பது. மேக்புக் ஏரின் இரண்டு திரைகளான 13.6-க்கும் 15.3-க்கும் வித்தியாசம் 1.7 அங்குலம்தான், ஆனால் பரப்பு கால் பங்குக்கு மேல் கூடுகிறது. உடல் பெரிதானதால் பேட்டரியும் 52.6 வாட்-மணியிலிருந்து 66.5 ஆனது. சரி, அதிக நேரம் ஓடுமா? எம்2 சிப் கொண்ட இரண்டு ஏருக்கும் ஆப்பிள் சொன்ன வீடியோ நேரம் அதே 18 மணிதான். கூடுதல் மின்சாரத்தைத் திரையே விழுங்கிவிடுகிறது போலும்.

சிறிய பக்கம் வேறு மாதிரி. 11 அங்குல ஏர் 2016-இலும், 12 அங்குல மேக்புக் 2019-இலும் நிறுத்தப்பட்டன. என் கணிப்பில், அந்த இடத்தை விசைப்பலகை மாட்டிய ஐபேடுக்கு விட்டுவிட்டார்கள்.